பூஞ்சணம் பிடித்த புல் கட்டுகளுக்குப் பணம் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், குடும்பக் குதிரை லாயம், சிங்கப்பூர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, குதிரைத் தீவன இறக்குமதி நிறுவனம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் 12ஆம் தேதி உங்கள் லாரியில் வந்து இறங்கிய 60 கட்டு திமோத்திப் புல்லுக்கு (குதிரைகளுக்குப் போடும் உலர்புல்) நாங்கள் செலுத்திய 2,280 வெள்ளியைக் கேட்டு எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் என் மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். வந்த பதில்கள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் வரும் தீபாவளி வாழ்த்து அட்டையிலிருந்து எனக்குத் தெரியும். ஆகவே இம்முறை எனக்குக் கோபம் சரளமாக வரும் மொழியிலேயே எழுதுகிறேன்.

எங்கள் லாயத்தில் 11 குதிரைகள் நிற்கின்றன. நான்கு எங்களுடையவை. மற்ற ஏழும் பிறர் மாதக் கட்டணம் கொடுத்து எங்களை நம்பி விட்டிருப்பவை. குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 8 கிலோ புல் வேண்டும். 20 கிலோ கட்டுகள் 60 என்றால் இரண்டு வாரத்துக்குக்கூட முழுதாக வராது. சிங்கப்பூரில் இந்தப் புல் விளைவதில்லை. ஒவ்வொரு புல்தாளும் கப்பலில்தான் வர வேண்டும். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து இந்த ஊரில் புல் வாங்குவோரும் குறைந்துவிட்டோம், விற்போரும் குறைந்துவிட்டீர்கள். இவர்கள் வேறெங்கே போவார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரியாமல் இல்லை.

புல் இறங்கிய அன்று கட்டுகள் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. பச்சை மாறாத நிறம். கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். நான்காம் நாள் காலையில் முதல் கட்டின் கயிற்றை அறுத்தபோது அப்பா இரண்டு கொட்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தே, "அதைப் போடாதே" என்றார். அவருடைய அப்பா பழைய புக்கிட் தீமா பந்தயத் திடலில் குதிரைக்காரர். இவர் கிராஞ்சியில். புல்லைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்க்கிற குடும்பம். கட்டைப் பிரித்தால் நடுவில் வெள்ளைப் பூஞ்சணம். தட்டினால் மாவு போலத் தூசி பறந்தது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனால் அதற்கு முந்தைய இரவு எங்கள் உதவியாளர், பழைய புல் எது புதியது எது என்று தெரியாமல், வேறொரு புதிய கட்டிலிருந்து மாணிக்கத்துக்கு ஒரு வேளை போட்டுவிட்டிருந்தார். அது எங்கள் தவறு. ஒப்புக்கொள்கிறேன். மாணிக்கம் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்த குதிரை. ஓடுவதைத் தவிர வேறெதுவும் கற்பிக்கப்படாத பிராணிக்கு நிதானமாக நடக்கவும், பிள்ளைகளை முதுகில் சுமக்கவும் ஒன்றரை ஆண்டாகப் பழக்கி வருகிறோம். அன்று பிற்பகல் அவன் முன்காலால் தரையைப் பறித்தான், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தான், பிறகு படுத்துப் புரள முயன்றான். எல்லாம் வயிற்றுவலியின் அடையாளங்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 44ஐத் தாண்டக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது தீவனம் விற்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உள்ளே போனது முழுக்குடலையும் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். கால்நடை மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மருந்து கொடுத்தார். இரவு முழுவதும் முறை வைத்து நடத்திக்கொண்டிருந்தோம். விடியற்காலை 5 மணிக்கு அவன் லத்தி போட்டபோது ஒரு குடும்பமே கைதட்டியது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மருத்துவர் நேர்மையானவர். பூஞ்சணம்தான் காரணம் என்று நூற்றுக்கு நூறு எழுதித் தர முடியாது என்றார். அதனால் அவருடைய கட்டணமான 640 வெள்ளியை நான் உங்களிடம் கேட்கவில்லை. புல்லுக்கான பணத்தை மட்டும் கேட்கிறேன்.

மறுநாள் தொலைபேசியில் பேசிய உங்கள் அலுவலர் மூன்று யோசனைகள் சொன்னார். முதலாவது, தண்ணீரில் ஊறவைத்துப் போடுங்கள். ஊறவைத்தால் தூசி அடங்கும், பூஞ்சணம் அப்படியே இருக்கும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அதன் நுரையீரலுக்கு இந்தப் புல் என்ன செய்யும் என்று அவரிடம் கேட்டேன். பதில் இல்லை. இரண்டாவது, போகப் போகப் பழகிவிடும். இதற்கு நானும் பதில் சொல்லவில்லை. மூன்றாவது, எத்தனை கட்டு கெட்டிருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் ஆதாரம் அனுப்புங்கள்.

சரி என்று மூன்றாவதை ஏற்றுக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் கணவரும் மகளும் முகக்கவசம் போட்டுக்கொண்டு 60 கட்டுகளையும் பிரித்தோம். 41 கட்டுகளில் நடுப்பகுதி கெட்டிருந்தது. ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினோம். மற்ற 19ஐயும் போடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார், ஒரே கொள்கலனில் வந்தவை என்பதால். நான்கு நாள் கழித்து உங்கள் பதில் வந்தது: கயிறு அறுக்கப்பட்ட கட்டுகளைத் திருப்பி எடுக்க நிறுவன விதிமுறையில் இடமில்லை. பிரிக்காவிட்டால் ஆதாரமில்லை, பிரித்தால் பணமில்லை. இந்த விதியை எழுதியவரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை.

அதே கடிதத்தில், எங்கள் கிடங்கின் ஈரத்தால் புல் கெட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூரில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது உண்மைதான். அதனால்தான் கட்டுகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரத்தட்டுகளின் மேல் அடுக்கி, இரவு பகலாக மின்விசிறி ஓட விடுகிறோம். அது போகட்டும். வெளியிலிருந்து ஈரம் ஏறினால் கட்டு வெளிப்பக்கத்திலிருந்துதான் கெடத் தொடங்கும். இவை வெளியே உலர்ந்து, உள்ளே வெந்திருந்தன. வயலில் சரியாகக் காயாத புல்லை அவசரமாகக் கட்டினால்தான் இப்படி ஆகும். கட்டிய புல்லின் ஈரம் 15 விழுக்காட்டைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். நீள ஊசி உள்ள ஈரமானியை அப்பா நடுவில் செருகியபோது 24 காட்டியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடமே முந்தைய மாதம் வாங்கியதில் நான்கு கட்டுகள் அதே கிடங்கில், அதே தட்டில், இவற்றை ஒட்டியே இருந்தன. அவை இன்றும் தேயிலை போல மணக்கின்றன. எங்கள் கிடங்கு ஆள் பார்த்து ஈரம் ஏற்றுமா?

குதிரைகளை விட்டிருப்பவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். ஒருவர் தன் குதிரையை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் 2,280 வெள்ளி எங்கள் கணக்குக்கு வர வேண்டும். வராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே இருதரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. உங்கள் தரப்பில் வருபவர் ஒரு கட்டை மோந்து பார்த்துவிட்டு வந்தால் விசாரணை சீக்கிரம் முடியும்.

60 கட்டுகளையும் தார்ப்பாய் போட்டு வாசலருகே தனியாக வைத்திருக்கிறோம். எடுத்துச் செல்ல லாரி அனுப்புவதாக இருந்தால் முதல்நாளே தெரிவியுங்கள். பிற்பகல் 4 மணிக்கு மேல் வேண்டாம். அப்போது பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். லாரி பின்னோக்கி வரும் ஒலிக்கு மாணிக்கம் இன்னும் பழகவில்லை.

இப்படிக்கு,
லாய உரிமையாளர்