45 நாள் பொறு, மாப்ளே

அன்பு மாப்ளே,

நீ எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியிடம்கூட. அந்தக் கவலையை முதலில் விடு.

பாத்தாம் தீவில் நீ அந்தப் பெண்ணிடம் போய்வந்து மூன்று வாரம்தானே ஆகிறது? எச்ஐவி தொற்றியிருக்குமோ என்று பத்தாம் நாளே சோதித்து 'இல்லை' என்று வந்ததை நீயும் நம்பவில்லை, நானும் நம்பச் சொல்லமாட்டேன். அது ரொம்பச் சீக்கிரம். கையிலிருந்து ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பும் இப்போதைய சோதனை 45 நாளில் உறுதியாகச் சொல்லிவிடும். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதென்றால் 90 நாள். 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போயிருந்தால் 28 நாளுக்குத் தடுப்பு மாத்திரை கிடைத்திருக்கும். அது இனிமேல் ஆகாது, விடு.

ராத்திரியெல்லாம் போனில் அறிகுறி தேடுவதை நிறுத்துடா. எச்ஐவி தொற்றியதும் வரும் காய்ச்சலும், சாதாரண சளிக்காய்ச்சலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நெறி கட்டியிருக்கிறதா என்று நாள் பூரா கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தால் யாருக்கும்தான் வலிக்கும்! அந்தப் பெண்ணுக்கு நோய் இருந்திருந்தாலுமே, ஒரு தடவை உறவில் ஆணுக்குத் தொற்றுவது 10,000-க்குச் சுமார் 4 என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. அதைவிட எளிதாகத் தொற்றக்கூடிய சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்கள் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லையே? அதையும் சேர்த்துப் பார்.

எனக்கென்னவோ, உன்னைத் தூங்கவிடாதது பாதிதான் கிருமி. மீதி, தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாததுதான். அதற்கு ரத்தச் சோதனை பதில் சொல்லாது. பத்து முறை 'இல்லை' என்று வந்தாலும் பதினோராவதற்குப் போய் நிற்பாய். அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உன் பாடு. ஆனால் முடிவு தெரியும்வரை ஆணுறை இல்லாமல் அவளிடம் போகாதே. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று. ரத்ததானம் செய்தால் ஓசியில் சோதித்துவிடுவார்கள் என்று எவனாவது யோசனை சொன்னால் கேட்காதே. படிவத்தில் பொய் சொன்னால் இங்கே சிங்கப்பூரில் ஜெயில்வரை போகும். அதைவிட, ஆரம்ப நாள் தொற்று அந்தச் சோதனையிலும் தப்பிவிடலாம். அந்த ரத்தம் யாரோ ஒரு நோயாளிக்குப் போகும்.

பெயர் வெளியே வரும் என்றுதானே பயம்? கெலந்தான் லேனில் பெயரோ ஐசியோ (அடையாள அட்டை) கேட்காமலே சோதிக்கிறார்கள். 1988-இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு நடத்துவது. அங்கே விரல் குத்தும் சோதனைதான், அதனால் 90 நாள் கணக்கு. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 45-ஆம் நாள் வேறு கிளினிக்கில் ரத்தம் கொடு. ஒருவேளை இருக்கிறதென்றே வந்தாலும், தினமும் மாத்திரை போட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றுவிட்டால், உறவால் மற்றவருக்குப் பரவாது. மருந்துக்கு 2020-இலிருந்து அரசாங்க மானியமும் உண்டு.

இங்கே பெரியவன் என்எஸ்ஸுக்கு, அதான் கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, தெக்கோங் தீவுக்குப் போய்விட்டான். சனிக்கிழமை வந்தால் இரண்டு பேர் சோறு சாப்பிடுகிறான்.

நாளைக் குறித்துச் சொல், லீவு போடுகிறேன். ஜாலான் புசார் ஸ்டேஷனில் சந்தித்துச் சேர்ந்தே போவோம்.

உன்,
மச்சான்