முதல் வரிசையில் யாரை உட்கார வைக்கப் போகிறாய்?

அன்புள்ள தம்பிக்கு,

பாம்புக்கடி சிகிச்சைக்கென்று நம் திருநெல்வேலிப் பக்கத்து டாக்டர்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கத்தின் முதல் வருடாந்திரக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். போன் போட்டே பேசியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல நினைப்பது உனக்கு மட்டுமல்ல, சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கும், சேரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலைய) டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதல் வருஷம் நீ எப்படி நடத்துகிறாயோ அதுதான் இனி வழக்கம். அடுத்த வருஷம் வருகிற செயலாளர் பைலைத் திறப்பார், போன வருஷம் என்ன செய்தார்கள் என்று பார்ப்பார், அதையே கொஞ்சம் கூடுதல் செலவில் செய்வார். பொன்னாடை போர்த்தினால் பொன்னாடை, மேடையில் பத்து நாற்காலி போட்டால் பத்து நாற்காலி, பத்து வருஷம் கழித்து யார் கேட்டாலும் "நம்ம சங்கத்தில் இப்படித்தான்" என்பார்கள். ஆகவே இந்த ஒரு கேள்வியை இப்போதே தீர்த்துக்கொள்: இந்தக் கூட்டம் யாருக்காக?

என் பதில், கடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்தில் பார்க்கிற ஆளுக்காக. களக்காட்டுப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், "கால்ல பூச்சி கடிச்சிட்டு" என்று ராத்திரி பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறார். அவரைத் தொட்டுப் பார்க்கிற முதல் ஆள் டியூட்டி நர்ஸ், அப்புறம் படிப்பு முடித்துப் புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு டாக்டர். காலில் இறுக்கிக் கட்டியிருக்கிற துண்டை எப்போது, எப்படி அவிழ்ப்பது, எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றுவது, இங்கேயே வைத்துப் பார்ப்பதா திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, எல்லாம் அவர்கள் முடிவு. பெரிய ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரும் டயாலிசிஸும் வைத்து நாங்கள் காப்பாற்றுவது அதற்கு அப்புறம். அந்த நர்ஸும் அந்த டாக்டரும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். வந்து கேட்டுவிட்டுப் போனால் போதாது, அவர்கள் பேசவும் வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேறொரு மருத்துவக் கூட்டத்துக்குப் போயிருந்தேன், எது என்று சொல்லப் போவதில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, அதை அத்தனையும் போட்டோ எடுத்து முடிக்கையில் மணி பதினொன்றரை. கேஸ் பற்றிப் பேச வந்திருந்த நர்ஸ் ஒருவர் பின்சுவர் ஓரம் கையில் ஒரு பேப்பரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு நின்றார். நேரமில்லை என்று அவருடைய பகுதியை எடுத்துவிட்டார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தப் பேப்பரில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் சங்கத்தில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது.

அவர்கள் வர வேண்டுமென்றால் அழைப்பிதழ் மட்டும் அனுப்பினால் ஆகாது. ஓ.டி. (அன்றைய நாளை டியூட்டியாகவே எடுத்துக்கொள்ளும் அனுமதி) கிடைக்காமல் யாரும் வர மாட்டார்கள். இங்கே ஆபீஸ் மூன்று: பி.எச்.சி.க்காரர்களுக்கு மாவட்ட சுகாதார அலுவலர், தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு நலப்பணிகள் இணை இயக்குநர், மெடிக்கல் காலேஜுக்கு டீன். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கடிதம், ஒரு மாதத்துக்கு முன்னாலேயே, நேரில் போய்க் கொடு. ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து எல்லாரையும் கேட்காதே, டியூட்டிக்கு ஆள் இல்லாமல் போகும். ஒரு நர்ஸ், ஒரு டாக்டர் என்று கேள். 108-இல் போகிறவர்களையும் மறந்துவிடாதே. வண்டியில் வருகிறபோதே மூச்சு நின்றுபோகிற கேஸில் அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கிற பை) அழுத்திக்கொண்டு வருவது அவர்கள்தான்.

தேதி. இந்த ஊரில் தேதி பார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், அதை ஒட்டியே குற்றாலச் சாரல், ரூம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை, 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்க மாட்டோம், தவிர மழைக்காலத்தில் கடி கேஸ் அதிகம் வரும்போது டாக்டர்களை வார்டிலிருந்து இழுப்பது தப்பு. பங்குனி உத்திரத்துக்கு ஆளாளுக்குத் தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்து தை கடைசியோ மாசி முதலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சரி, பிசான நெல் அறுவடை மும்முரமாவதற்கு முன்னால். ஒரே நாள் போதும். நாலு மணிக்கு முடித்துவிடு. வள்ளியூர், ராதாபுரம், அம்பை என்று திரும்பிப் போகிற பெண்கள் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெளிச்சத்தோடு வீடு சேர வேண்டும்.

இடத்துக்கு ஓட்டல் ஹால் வேண்டாம். 1965-இல் ஆரம்பித்த நம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, அங்கே கேள்.

நிகழ்ச்சியில் நீ கட்டாயம் வைக்க வேண்டியது ஒரு டெஸ்ட் டியூப். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்து ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்க 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைதான் நம் பி.எச்.சி.களுக்கு இருக்கிற ஒரே நம்பகமான வழி, லேப் வேண்டாம், மின்சாரம் கூட வேண்டாம். 2 மி.லி. ரத்தம் எடுத்து, புதிதான, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூபில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் மருந்து தேவை. இதில் கெடுவது டியூபில்தான். பிளாஸ்டிக் டியூபிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடி டியூபிலும் நல்ல ரத்தமே உறையாமல் நின்றுவிடலாம். அப்புறம் தேவையில்லாதவருக்கு மருந்து ஏற்றி, அது ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு அட்ரினலின் போட்டு அல்லாட வேண்டியதுதான். அதனால் காலையில் முதல் பேச்சாளர் பேச ஆரம்பிக்கும்போது தன்னார்வமாக வருகிற ஒருவரிடம் ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடி டியூபிலும், பக்கத்தில் சோப்புத்தூளில் கழுவிய டியூபிலும் விட்டு மேடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வை. பேச்சு 20 நிமிடம். பேசி முடித்ததும் இரண்டையும் ஒரு நர்ஸ் எடுத்துச் சாய்த்துக் காட்டட்டும். அதைப் பார்த்தவர்கள் மறுநாள் போய்த் தங்கள் டிரேயில் என்ன டியூப் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

வந்தவர்களுக்குப் பை, பேனா, டைரி என்று கொடுப்பதற்குப் பதில் ஆளுக்கு ஒரு பெட்டி புதுக் கண்ணாடி டெஸ்ட் டியூப் கொடு. செலவும் குறைவு.

மதியத்துக்கு மேல் இறந்துபோன கேஸ்களைப் பேசுங்கள். இதற்குப் பலர் தயங்குவார்கள், தெரியும். ஆனால் பிழைத்த கேஸ்களை மட்டும் பேசுகிற கூட்டத்தில் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இறந்தவர் பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு பக்கம்தான்: எத்தனை மணிக்குக் கடி, நடுவில் எங்கெல்லாம் போனார், முதல் குப்பி எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது ரெஃபர் ஆனது. நேரங்களை வரிசையாக எழுதினாலே எங்கே கை நழுவியது என்று தெரிந்துவிடும். தரையில் படுத்துத் தூங்கியவரை கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் கடித்த தடம்கூட இருக்காது, விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார், ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், இமை தொங்கிப்போய்த் திரும்பி வரும்போது மூச்சு தடுமாறிக்கொண்டிருக்கும். இந்த மாதிரி ஒரு கேஸைப் பார்க்காத டாக்டர் நம் பக்கத்தில் குறைவு. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பதை ஆரம்பத்திலேயே மைக்கில் சொல்லிவிடு, மீறிப் பேசுகிறவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் நிறுத்து. அதற்கு நான் உன் பக்கத்தில் இருக்கிறேன்.

சிறப்பு விருந்தினர் யார் என்று குழுவில் அடிபிடி நடப்பதாகக் கேள்வி. கலெக்டரையும் டீனையும் மரியாதையாக அழை, ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடு. ஆனால் சிறப்புரைக்கு சென்னைப் பக்கத்து வடநெம்மேலி இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட முடியுமா பார். 1978-இல் இருந்து நடக்கிறது, நாடு முழுக்க நாம் ஏற்றுகிற விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அவர்கள் கையால் எடுத்ததுதான். அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாம் குப்பியின் லேபிளைத்தான் பார்த்திருக்கிறோம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்துச் செய்த மருந்து அது. அதே கண்ணாடி விரியன் விஷம்கூட ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், நம் மலையில் இருக்கிற குழிவிரியனுக்கோ அந்த மருந்து கேட்கவே கேட்காது. இதை அவர்கள் எதிரிலேயே வைத்துப் பேசினால் பேச்சுக்குக் கனம் இருக்கும்.

பணம். சங்கத்தின் பெயரில் பேங்க் கணக்கு ஆரம்பிக்காமல் ஒரு ரூபாய் வாங்காதே, உன் சொந்த ஜிபே நம்பரை யாருக்கும் கொடுக்காதே. நல்ல மனசோடு செய்தாலும் ஆறு மாதம் கழித்துக் கணக்குக் கேட்கும்போது மனக்கசப்பு வரும். டாக்டர்கள் கட்டணம் கட்டட்டும், நர்ஸுகளுக்கும் 108 ஊழியர்களுக்கும் இலவசம். மருந்துக் கம்பெனிகள் வந்து கேட்பார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி கூட்டத்துக்கு வருகிற டாக்டர்களுக்குக் கம்பெனிகள் பயணச் செலவோ ரூமோ கொடுக்கக் கூடாது, பேச்சாளர் என்றால் வேறு. வராந்தாவில் ஸ்டால் போடட்டும், காசோலையாக வாங்கி ரசீது கொடு. மேடையில் எந்த மருந்தின் பெயரும் வேண்டாம். மெடிக்கல் கவுன்சிலில் சி.எம்.இ. கிரெடிட்டுக்கும் (டாக்டர்களின் தொடர்கல்விப் புள்ளிகள்) முன்கூட்டியே விண்ணப்பித்துவிடு, கடைசி வாரத்தில் ஓடாதே.

பொதுக்குழுவை மதிய சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரத்தில் முடி: வரவு செலவு, ஆடிட்டர், அடுத்த தேர்தல் தேதி. கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருக்கிறதா என்று பார்க்கக் கையெழுத்து நோட்டை வாசலிலேயே வை. சாப்பாட்டுக்கு சொதி போடு, இஞ்சித் துவையலோடு. வெளியூர்க்காரர்கள் அதற்காகவே அடுத்த வருஷமும் வருவார்கள்.

அப்புறம், தீர்மானம் என்று ஒன்று போட்டால் அது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள், மதிப்பீடுதான், ஏனென்றால் பலர் கணக்கிலேயே வராதவர்கள். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், தனியார் நர்சிங் ஹோமில் இருப்பவர்களும் சேர்த்து, தாங்கள் பார்க்கிற ஒவ்வொரு கடியையும் தெரிவிப்போம் என்று கையெழுத்துப் போடட்டும். அடுத்த வருஷக் கூட்டத்தில் எந்த ஒன்றியத்தில் எத்தனை கடி, எந்த மாதத்தில், எந்தப் பாம்பு என்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்துக்கும் சொல்ல முடிந்தால், மருந்துக் குப்பிகளை எங்கே கூடுதலாக வைப்பது என்று கையில் தாளோடு போய்க் கேட்கலாம்.

இறந்த கேஸ்களின் சுருக்கங்கள் வர ஆரம்பித்ததும் முதலில் எனக்கு அனுப்பு. பெயர், ஊர் எல்லாம் நீக்கி, நேரங்களைச் சரிபார்த்து, பேசுவதற்கு ஏற்றபடி எழுதித் தருகிறேன். அந்த மூன்று ஓ.டி. கடிதங்களின் நகலையும் அனுப்பு, இணை இயக்குநர் ஆபீஸுக்கு நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வார்டு சீஃப்