ஹெச்.பி.யைக் கேட்கும் முன் படியின் அகலத்தை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மானியத்தில் மினி டிராக்டர் வாங்குவது பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. எத்தனை ஹெச்.பி., எத்தனை சதவீதம் மானியம், எந்த அலுவலகத்தில் மனு என்பதோடு அவை முடிந்துவிடுகின்றன. ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் அது போதும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று கொடைக்கானல் மேல்மலையில் படிக்கட்டு நிலம் வைத்திருப்பவர்களுக்குப் போதாது. பூண்டும் உருளையும் கேரட்டும் விளைகிற இந்த நிலத்துக்கு வண்டி தேடுகிறவர் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்போடு தோட்டத்துக்குப் போக வேண்டும்.

20 முதல் 25 ஹெச்.பி. வரையுள்ள நான்கு சக்கர இழுவை மினி டிராக்டர்கள் நீளத்தில் இரண்டரை மீட்டரை ஒட்டி இருக்கும். பின்னால், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை மாட்டினால் மூன்றேகால் மீட்டர். உள்சக்கர பிரேக்கை மிதித்துத் திருப்பினாலும் முழு வட்டத்துக்கு 4 மீட்டருக்கு மேல் தேவை. இனி படியை அளந்து பாருங்கள், அதுவும் மிகக் குறுகலான இடத்தில். அதில் வெளி ஓரத்தைக் கழிக்க வேண்டும். படியைத் தாங்கும் கல்கட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் சக்கரம் ஓரத்திலிருந்து தள்ளியே போக வேண்டும். மழை குடித்த மண் என்றால் இன்னும் அதிகம். 1 மீட்டர் உயரக் கல்கட்டு உள்ள 4 மீட்டர் படியில் வண்டிக்குக் கிடைப்பது 3 மீட்டர்தான். அங்கே ஒவ்வொரு கோடியிலும் முன்னும் பின்னும் எடுத்தெடுத்துத்தான் திருப்ப முடியும். பின்னால் எடுக்கும்போது ஓட்டுபவர் பார்ப்பது ரோட்டவேட்டரை. கல்கட்டு சரிவது கண்ணில் படுவதில்லை.

அப்படிப்பட்ட படிகள் பாதிக்கு மேல் இருந்தால் டிராக்டர் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. நடந்தபடியே ஓட்டும் சிறு கருவியான, 5 முதல் 7 ஹெச்.பி. வரையுள்ள பவர் வீடர் போதும். எடை 100 கிலோ அளவில் இருப்பதால் இரண்டு பலகை போட்டு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். 12, 13 ஹெச்.பி. பவர் டில்லர் என்னும் இரு சக்கர உழவு வண்டி இடைப்பட்டது. வேலை நிறைய செய்யும், ஆனால் 400 கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைக் கையால் திருப்புவது இளவட்டங்களுக்கே இடுப்பை ஒடிக்கும். அதில் பலரும் அறியாத ஓர் ஆபத்தும் உண்டு. ஏற்றத்தில் இடது ஸ்டியரிங் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். இறக்கத்தில் அதே கிளட்சைப் பிடித்தால் எஞ்சினின் பிடிப்பிலிருந்து விடுபட்ட இடது சக்கரம் வேகமாக உருண்டு, வண்டி வலது பக்கம் திரும்பும். கல்கட்டு ஓரத்தில் இந்தக் குழப்பம் வந்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. மண்ணைக் கிளறும் ரோட்டரி சுழலும்போது ரிவர்ஸ் எடுப்பது இன்னொரு தவறு. வண்டி ஆள் மேல் ஏறிவிடும்.

படிகள் 5, 6 மீட்டர் அகலம், வண்டிப் பாதையும் உண்டு என்றால் டிராக்டரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் ஹெச்.பி. இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, வண்டி எவ்வளவு தாழ்வாகவும் அகலமாகவும் நிற்கிறது என்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பின்சக்கரங்களின் மையங்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் வண்டி பக்கவாட்டில் 33 டிகிரி சாய்ந்த பிறகுதான் கவிழும். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல் மேல் ஏறி, அதே நேரம் கீழ்ப்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால், அதிலேயே 22 டிகிரி போய்விடும். மிச்சம் 11 டிகிரி. வேகம், திருப்பம், தூக்கி வைத்த ரோட்டவேட்டர் எல்லாம் இந்த மிச்சத்திலிருந்துதான் கழிய வேண்டும். ஆகவே சரிவுக்குக் குறுக்காக ஓட்டும் நிலம் 100 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் குறுகிய மினி டிராக்டரை அங்கே இறக்கவே கூடாது என்பது என் கருத்து. ஒரு மீட்டர் குச்சியும், பாதி தண்ணீர் நிரப்பிக் குச்சி மேல் படுக்க வைத்த ஒரு பாட்டிலும் இருந்தால் இதை எவரும் அளந்துவிடலாம்.

சக்கர அகலத்தைக் கூட்ட முடிகிற மாடலா என்று கேளுங்கள். பல மினி டிராக்டர்களில் பின்சக்கரத் தட்டை மாற்றிப் போட்டாலே சில அங்குலம் அகலும். பின் டயர்களில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் எடை கீழே இறங்கும், பிடிப்பும் கூடும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும், தலைக்கு மேலான ரோல் பார் தனியாக வாங்க வேண்டியதாக இருந்தாலும் வாங்கிவிட வேண்டும். கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிக்கும் மரக்கிளைகளுக்கும் அடியில் ஓட்டுபவர்களுக்கு மடக்கும் வகை பொருந்தும். ரோல் பார் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டியே ஆக வேண்டும். ரோல் பார் இல்லாத வண்டியில் கட்டவே கூடாது.

இனி ஹெச்.பி. காற்று மெலிந்த உயரத்தில் டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 சதவீத சக்தியை இழக்கும். மன்னவனூர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 24 ஹெச்.பி. இங்கே 19. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது 16 அளவில். ஒற்றை சிலிண்டர் 15 ஹெச்.பி. வண்டி பி.டி.ஓ.வில் 10தான் கொடுக்கும். சமவெளியில் மூன்றடி ரோட்டவேட்டரைச் சிரமமில்லாமல் சுழற்றும் வண்டி மேலே வந்து கரும்புகை கக்குவதற்கு இதுவே காரணம்: டீசல் அதே அளவு, காற்று குறைவு. மெக்கானிக்கிடம் சொல்லி டீசலை இன்னும் கூட்டி வைத்தால் புகைதான் கூடும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்து, ரோட்டவேட்டரை ஒரு அளவு சிறியதாக எடுப்பதுதான் வழி. மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 போன்ற 24 ஹெச்.பி. நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கும் மேல்மலையில் மூன்றடிதான் சரி, நான்கடி வேண்டாம்.

மூன்றடி ரோட்டவேட்டர் இரண்டு டயர் தடங்களையும் மூடாது என்பார்கள். உண்மைதான். அதனால் நடுவில் மாட்டாமல் ஒரு பக்கம் ஒதுக்கி மாட்டும் வசதி உள்ளதைக் கேட்க வேண்டும். ஒதுங்கிய பக்கம் கல்கட்டு ஓரத்தைப் பார்க்கும்படி ஓட்டினால் மண் ஓரம் வரை புரளும், சக்கரம் உள்ளே தள்ளியே போகும். அதற்காகக் கடைசி ஓரத்தையும் கிளறிவிடக் கூடாது. ஓரத்தில் இரண்டடி புல்லாகவே விட்ட படிகள்தான் ஐப்பசி மழையில் நிற்கின்றன.

பின்னால் கருவிகளைத் தூக்கும் லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்று விற்பனையாளர் சொல்லும்போது தலையாட்டிவிட வேண்டாம். தூக்கும்; முன்சக்கரம் தரையில் இருக்குமா? 650 கிலோ வண்டியில் முன் அச்சின் மேல் சுமார் 290 கிலோ நிற்கும். 200 கிலோ ரோட்டவேட்டரைப் பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளித் தூக்கினால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் உள்ள வண்டியில் முன்பக்கத்திலிருந்து 147 கிலோ குறையும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் இருந்தால்தான் ஸ்டியரிங் பேச்சுக் கேட்கும். இங்கே அது 17 சதவீதம், அதுவும் சமதளத்தில். ஆகவே முன் எடைக் கட்டிகளைச் சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள். அவற்றோடும் செங்குத்தான வண்டிப் பாதையில் ரோட்டவேட்டரைத் தூக்கியபடி ஏறுவதைவிடப் பின்னோக்கி ஏறுவது மேல். யூகலிப்டஸ் கட்டையை இழுப்பவர்கள் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்ட வேண்டும். மேல் இணைப்பில் மாட்டினால் கட்டை அசையாதபோது வண்டியின் முன்பக்கம் எழும்பும். அது பின்னால் புரள ஒன்றரை நொடி போதும்.

பிரேக் எண்ணெயில் மூழ்கிய வகையா என்பதும் முக்கியம். உலர் பிரேக் சேற்றிலும் மூடுபனியிலும் வழுக்கும். ஆனால் எந்த வகையானாலும் மினி டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டுமே பிரேக். இறக்கத்தில் எடை முன்னால் போய்விடுவதால் பின்சக்கரம் லேசாகி, பிடித்த இடத்திலேயே சறுக்கும். இறங்கும்போது நான்கு சக்கர இழுவையைப் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் அந்தப் பிடிப்பில் சேரும். ஏற்றத்தில் மட்டும் போட்டுவிட்டு இறக்கத்தில் எடுத்துவிடுவது தலைகீழான பழக்கம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், கிளட்சை மிதித்தபடி இறங்கக் கூடாது, சாலையில் இடது, வலது சக்கரங்களுக்கான இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் ஒன்றாகப் பூட்ட வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லரில் கேரட் மூட்டைகளை ஏற்றும்போது சுமையோடு சேர்ந்த டிரெய்லரின் எடை டிராக்டரின் எடையைத் தாண்ட விடாதீர்கள். வளைவில் டிரெய்லர் டிராக்டரை முட்டித் திருப்பிவிடும்.

ரோட்டவேட்டரைப் பற்றி இன்னும் ஒன்று. ஆண்டு முழுக்க அதை மட்டுமே ஓட்டினால் நான்கைந்து அங்குலத்துக்குக் கீழே கத்தி தட்டித் தட்டி ஒரு கெட்டித் தளம் உருவாகும். கேரட் அதில் முட்டிக் கவடு விடும். தண்ணீர் அதன் மேல் தேங்கிப் பூண்டு அழுகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு இந்த அழுகலைவிடப் பெரிய விரோதி கிடையாது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஐந்து கொத்துக் கலப்பையால் ஆழ உழுது தளத்தை உடைக்க வேண்டும். எப்போது உழலாம் என்பதற்கு, ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்புயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் உழலாம்; உருண்டையாகவே கிடந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

மூன்றடி ரோட்டவேட்டர் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களில் போகும் நேரத்தையும் கழித்தால், மணிக்கு 20 சென்ட் ஓட்டும். ஏக்கருக்கு 5 மணி. 3 ஏக்கரை இரண்டு போகத்துக்கு இரண்டிரண்டு தடவை ஓட்டினாலும் ஆண்டுக்கு 60 மணி நேரம்தான். 60 மணி நேரத்துக்கு ஒரு டிராக்டரைக் கடனில் வாங்குவது நியாயமா என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ கணக்குக்குச் சரி.

அந்த இடத்தில்தான் நூற்புழு வருகிறது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய ஒரு கூட்டில் நூற்றுக்கணக்கான முட்டைகள், மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அது தோட்டம் விட்டுத் தோட்டம் போக ரோட்டவேட்டர் கத்தியில் ஒட்டிய ஒரு கை மண் போதும். வாடகை வண்டி உள்ளே வருவதற்கு முன்னால், முந்தைய தோட்டத்திலேயே மண்ணைச் சுரண்டி, டயரையும் கத்தியையும் கழுவியிருக்க வேண்டும். வாடகையைப் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு உங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள்கள். மானியப் பட்டியலில் உள்ள வண்டிகளின் செயல் விளக்கத்தை மைதானத்தில் நடத்தாமல், மேல்மலையில் ஒரு படிக்கட்டு நிலத்தில், மழை பெய்த மறுநாள் நடத்த வேண்டும். உழவன் செயலியில் ஒவ்வொரு மாடலுக்கும் ஹெச்.பி.யோடு மொத்த அகலம், திரும்பும் வட்டம், எடை, ரோல் பார் உண்டா இல்லையா என்பதையும் காட்ட வேண்டும். வாடகை மையம் ஒவ்வொன்றிலும் பிரஷர் வாஷர் ஒன்று இருக்க வேண்டும். அதன் விலை ஒரு ரோட்டவேட்டரின் விலையில் சிறு பங்குதான்.

இப்படிக்கு,
மன்னவனூரிலிருந்து ஒரு வாசகர்