நன்மாறன் படத்துக்குச் சுவர் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ. தோழர் நன்மாறன் மறைந்த நாளான அக்டோபர் 28 அன்று, எங்கள் தெருப் படிப்பகத்தில் அவருடைய படத்தைத் திறந்துவைத்தோம். நாற்பது பேர் வந்தால் போதும் என்றிருந்தோம். தெருமுனை வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். ஓட்டத்தில் யாருக்கும் முகம் பார்த்து நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் வீட்டுக்கார அம்மாவுக்கு. படிப்பகம் இருப்பது வாடகை அறையில். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது குடிவந்த நாளிலேயே பேசிக்கொண்டது. தயங்கித் தயங்கித்தான் கேட்கப் போனோம். "நன்மாறன் படமா? பெரிய ஆணியாகவே அடியுங்கள். காற்றுக்கு விழுந்துவிடக் கூடாது" என்றீர்கள். அம்மா, திரும்பி வரும்போது எங்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. 2001, 2006 என இரண்டு முறை மதுரை கிழக்கில் வென்று பத்து ஆண்டுகள் சட்டமன்றத்தில் இருந்தவர், கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். அரசு வீடு ஒன்று கேட்டு, மற்றவர்களைப் போலவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போனார். அந்தப் புகைப்படத்தை எல்லோரும் எளிமை, எளிமை என்று பாராட்டினோம். அந்த வயதில் அவரை அங்கே நிற்கவிட்டோமே என்ற வெட்கம்தான் எனக்கு இன்னும் பெரிதாக இருக்கிறது. உடம்புக்கு முடியாமல் போனபோதும் அவர் சேர்ந்தது நம் பெரியாஸ்பத்திரியில்தான். 2021இல் 74 வயதில் அங்கேயே கண்ணை மூடினார்.

ஆட்டோ நிலையத் தம்பிகளே, நடக்க முடியாத பெரியவர்களை வாசலில் ஏற்றிவந்து, கூட்டம் முடிந்ததும் அதே வாசலில் கொண்டுபோய் விட்டீர்கள். பெட்ரோலுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டிய பணத்தை ஒருவரும் தொடவில்லை. எம்.எல்.ஏ.வாக இருந்தும் டவுன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய்வந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை எங்களால் யோசித்திருக்க முடியாது.

நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மைக் செட் அண்ணன் சட்டையைக் கழற்றி ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்திவிட்டு, பனியனோடு நனைந்துகொண்டு நின்றார். எதிர் வரிசை வீடுகள் எல்லாம் கதவைத் திறந்து கூட்டத்தை உள்ளே விட்டன. டீக்கடை அண்ணாச்சி கடை பெஞ்சுகளை அனுப்பியதோடு நிற்காமல் எல்லோருக்கும் சுக்குமல்லிக் காப்பியும் கொடுத்தார். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பெரியவர் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பஞ்சாலைத் தொழிலாளி. 2006 தேர்தல் நோட்டீஸ் ஒன்றை நாலாக மடித்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மடிப்பு ஓடிய இடத்தில் எழுத்துகள் உதிர்ந்திருந்தன. சிவப்பு மை பழுப்பேறிவிட்டது. சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அந்த முறை தோழர் நூலிழையில்தான் வென்றார். "அந்த நூலில் நானும் ஒரு இழை" என்றார் பெரியவர். அதன்பிறகு பேச வந்தவர்கள் யாரும் நீளமாகப் பேசவில்லை.

அதே கட்சியின் கே.பி. ஜானகியம்மாளைப் பற்றியும் அவர்தான் எடுத்துச் சொன்னார். 1967இல் இதே மதுரை கிழக்கு சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்தவர். நாடக மேடையில் பாடிச் சேர்த்த நகையை இயக்கத்துக்காக விற்றவர். பிறகு 1977இலும் 1980இலும் இங்கே வென்றவர் தோழர் என். சங்கரய்யா. அந்த வரிசையில் வந்தவர் நன்மாறன். பிள்ளைகள் பலருக்கு இது புதுச் செய்தி. ஐயா, இன்னும் நிறைய வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மறுபடியும் வந்து சொல்லுங்கள்.

தோழர் குழந்தைகளுக்காக எழுதிய பாடல்களைச் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு எங்கள் வணக்கம். பாடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகள் நிறுத்தவில்லை. மைக் இல்லாததால் கூட்டம் தானே வாயை மூடிக்கொண்டு கேட்டது. மேடைக் கலைவாணர் என்று பெயர் வாங்கியவர், எந்தக் கூட்டத்தையும் சிரிக்கவைத்தே சிந்திக்கவைத்தவர், அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி கணக்கு. அவர் பெயரில் வாங்கிய காசு என்பதால் பைசா வரை எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். படச் சட்டம், நோட்டீஸ் அச்சு, பந்தல் துணி போக 1,340 ரூபாய் மீதம். அதில் சிறுவர் புத்தகங்கள் வாங்கியாகிவிட்டது. பெரியவர் கொடுத்த நோட்டீஸைக் கண்ணாடி போட்டு, படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறோம். அந்த ஆணிக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து படிப்பகம் திறந்திருக்கும். பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
படிப்பகத் தோழர்கள் சார்பாக