செயலாளரின் ஆண்டறிக்கை: புற்றுநோயாளர் குடும்பங்களுக்கான நம் சங்கம், மதுரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்துச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சித்திரைத் திருவிழாவையொட்டி ஒன்று மட்டும் தள்ளிப்போனது. சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து தங்குவோருக்கு மதிய உணவுப் பொட்டலம் கொடுக்கும் பணியும் தொடர்கிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆடி மாதக் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோயால் இறக்கும் விகிதம் கறுப்பின மக்களிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் என்று அன்று பேசினோம். "அது தோல் நிறத்தின் கோளாறா?" என்று உசிலம்பட்டி அக்கா கேட்டார். இல்லை. காப்பீடு இல்லாமை, பரிசோதனை எட்டாமை, நோய் முற்றிய பிறகே சிகிச்சை தொடங்குவது ஆகியவையே பெரிய காரணங்கள். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நாம் பார்ப்பதும் இதைத்தானே?

குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்கு இருக்கலாம்; நாம் உண்பதற்கேற்ப அவை மாறுகின்றன. அமெரிக்கக் கறுப்பினத்தவர் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்ட ஆய்வு 2015இல் வெளியானது. நார்ச்சத்து கூடிய அமெரிக்கர்களின் குடல் அழற்சி குறைந்தது. கொழுப்பு மிகுந்த உணவுக்கு மாறிய ஆப்பிரிக்கர்களுக்கு நேர்மாறாக நடந்தது. ஆட்கள் அவர்களேதாம், வேறுபாட்டைத் தட்டு உண்டாக்கியிருக்கிறது. கேப்பைக்கூழையும் தட்டைப்பயறையும் ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கிய நமக்கு இது உறைக்க வேண்டும். ஆனால் குடல் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நார்ச்சத்தைக் கூட்டக் கூடாது.

உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கும் சில மருந்துகளுக்கு உடல் இணங்குவதும் குடல் நுண்ணுயிரிகளைப் பொறுத்து மாறுவதாக 2018இல் வந்த ஆய்வுகள் காட்டின. அவற்றில் ஒன்று, அந்தச் சிகிச்சையை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்திருந்ததாகச் சொன்னது. நம் உறுப்பினர் ஒருவர் சாதாரணச் சளிக்கு மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு, சிகிச்சை மருத்துவரிடம் சொல்லாமலே இருந்தார். தெரிந்தபோது எனக்குப் பதறிவிட்டது. மருத்துவர் எழுதித் தந்த ஆன்டிபயாடிக்கை யாரும் பாதியில் நிறுத்த வேண்டாம். தானாக வாங்குவதைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

இத்தகைய மருந்துகளின் சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். நம் உணவும் நம் குடலும் அந்த ஏடுகளில் அதிகம் ஏறவில்லை. ஆகவே முறையான ஒப்புதலோடு நடக்கும் ஆய்வுக்கு மருத்துவர் அழைத்தால், விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பயந்து உடனே மறுத்துவிட வேண்டாம்.

மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற துண்டறிக்கையை வரும் மாதம் ஊர் ஊராகக் கொண்டுபோக உத்தேசம். இதற்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழு ஒப்புதல் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்