‘அப்புறம் மாறிக்கொள்ளலாம்’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆசைப்பட்ட பாடம் இல்லாத கல்லூரியில் இடம் கிடைத்தவர்களுக்குச் சென்ற இதழில் ஆறுதல் சொல்லியிருந்தீர்கள். “எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் பரவாயில்லை, அப்புறம் மாறிக்கொள்ளலாம்” என்பதுதான் கட்டுரையின் சாரம். பாதி சரி. மீதிப் பாதியில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டு முழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குப் புள்ளியியல் படிக்க ஆசை. சேர்ந்த கல்லூரியில் அந்தத் துறையே கிடையாது. கணிதத்தில் சேர்ந்துகொள், ஓராண்டு முடிந்ததும் புள்ளியியல் உள்ள கல்லூரிக்கு மாறிவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். ஆண்டும் முடிந்தது, மதிப்பெண்ணும் நன்றாகவே வந்திருந்தது. புதிய கல்லூரியில் என் மதிப்பெண் பட்டியலை வாங்கிய அலுவலர், பென்சிலோடு ஒவ்வொரு தாளாக இறங்கிக்கொண்டே வந்தார். எட்டுத் தாள்களில் மூன்றுக்குத்தான் டிக் விழுந்தது. “மத்ததுக்கு சிலபஸ் கொண்டுவந்திருக்கியா?” என்றார். சிலபஸையெல்லாம் யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்! முதலாண்டை மறுபடி படிக்க மனமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

படித்து முடித்த தாள்களுக்குக் கல்லூரி கணக்கு வைத்துத் தரும் புள்ளிகளைத்தான் கிரெடிட் என்கிறார்கள். கிரெடிட் என்றதும் அதைக் காசு மாதிரி, எங்கே நீட்டினாலும் செல்லும் என்று நினைத்துவிடுகிறோம். ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட், அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 என்று கணக்கு இருக்கிறது. ஆனால் நம் கையில் இருப்பதில் எத்தனை செல்லும் என்பதை மாறிப்போகும் கல்லூரிதான் சொல்ல வேண்டும். பட்டத்துக்கான கிரெடிட்டில் இவ்வளவு பங்கை எங்களிடமே படித்திருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. தள்ளிப்போடத் தள்ளிப்போட இழப்பு கூடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டில்தான் முதுகலைப் புள்ளியியலுக்கான தகுதி விதியைப் படித்தேன். கணிதப் பட்டமே போதும், நிகழ்தகவு ஒரு தாளாகப் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாள் எங்கள் கல்லூரியிலேயே எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) இருந்தது. எடுத்தேன், முதுகலையில் இடமும் கிடைத்தது. இந்த ஒற்றை வரியை முதலாண்டிலேயே படித்திருந்தால் பென்சில்காரரைப் பார்க்கப் போயிருக்கவே வேண்டாம்.

எல்லோரும் கல்லூரி வாசலில் நின்று யோசிக்கிறோம். படித்து முடித்தபின் எந்த வாசலுக்குப் போகிறோமோ, அங்கே போய் நின்று யோசிக்க வேண்டும். அங்கே கேட்பது பட்டத்தின் பெயரையா, படித்த தாள்களையா?

தாள்களைத்தான் கேட்கிறார்கள் என்றால், பக்கத்துத் துறையில் சேர்வதில் ஒரு குறையும் இல்லை. மரபியல் கண்டுபிடிப்புக்காக 1983இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற பார்பரா மெக்ளின்டாக், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டங்கள் எல்லாமே தாவரவியல் பட்டங்கள். அங்கே இளங்கலை மாணவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு மரபியல் வகுப்புதான். 1921இல் அதில் சேர்ந்தார். அது முடிந்ததும் பாடம் நடத்திய ஹட்சிசன் தொலைபேசியில் கூப்பிட்டு, முதுகலை மாணவர்களுக்கான வகுப்புக்கு வரும்படி அழைத்தார். அந்தக் கல்லூரியில் துறை எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்த ஒரு வகுப்பை எடுக்க ஆள் இருக்கிறாரா என்று விசாரிப்பது மேல். வெங்கி ராமகிருஷ்ணனையும் இந்த இடத்தில் எல்லோரும் இழுப்பார்கள்: இயற்பியலில் முனைவர் பட்டம், 2009இல் வேதியியலுக்கு நோபல். நடுவில் அவர் மறுபடி மாணவராகப் போய் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்ததை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

இடைப்பட்ட வழிகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் பொறியியல் இல்லாத சில சிறிய கல்லூரிகளில் மூன்று ஆண்டு இயற்பியலோ வேதியியலோ படித்துவிட்டு, கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு பொறியியல் படித்து இரண்டு பட்டங்களோடு வெளியே வரலாம். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட், ஸ்மித் உள்ளிட்ட ஐந்து கல்லூரிகள் சேர்ந்து, ஒன்றில் சேர்ந்தவர் மற்ற நான்கிலும் வகுப்புக்குப் போகலாம் என்று வைத்திருக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகம் 1858இலிருந்தே வெளியே இருந்து படிப்பவர்களுக்கும் பட்டம் தருகிறது. நம் கல்லூரியிலும் இப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கலாம், நாமாகக் கேட்டால் ஒழிய யாரும் சொல்ல மாட்டார்கள்.

பட்டத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள் என்றால் கதையே வேறு. உரிமம் வாங்கித் தொழில் செய்யும் துறைகளில் பக்கத்துப் பாடம் கைகொடுப்பது அரிது. பொறியியலில் 1989இல் ஆறு நாடுகளின் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கைகூட, அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்புகளைத்தான் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிறது. இயற்பியலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பட்டியலுக்குள் வர மாட்டார்.

என் அக்கா மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. பெயர் பெற்ற கல்லூரி ஒன்றில் சிவிலுக்கு இடம் கிடைத்தது, ஆனால் அங்கே கட்டடக்கலை இல்லை. “ரெண்டும் கட்டடம்தானே” என்றார் அத்தான். இந்தப் பட்டத்தை வைத்துக் கட்டடக் கலைஞராகப் பதிவு செய்ய முடியுமா என்று பதிவு செய்யும் அமைப்புக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். முடியாது என்று பதில் வந்தது. வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்றே மூன்று ஆண்டு முதுகலைக் கட்டடக்கலை சில நாடுகளில் இருக்கிறது, ஆனால் அவளால் அவ்வளவு தூரம் போக முடியாது. கடைசியில் அந்த இடத்தை விட்டுவிட்டு, யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு கல்லூரியில் கட்டடக்கலையே சேர்ந்துவிட்டாள். முதல் நாளே சிலபஸை வாங்கி ஃபைலில் போட்டிருக்கிறாள், அது என் உபயம். அத்தான்தான் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்