தொட்டால் ஒட்டிக்கொள்ளும் சுத்தம்

அன்பு மகனுக்கு,

வேலூரிலிருந்து அம்மா ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. அப்பாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. வெயில்தான் தாங்கவில்லை.

போன ஞாயிறு நீ போனில் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. மூன்று மாதமாகத் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை என்றாய். "தேவன் பரிசுத்தர்மா, நான் இருக்கிற நிலைமையில எப்படிப் போறது?" என்றாய். என்ன செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆபரேஷன் தியேட்டரில் 26 வருஷம் நின்றவள் நான். கழுவின கத்தரி சுத்தம்தான், ஆனால் ஸ்டெரைல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத கிருமி மிச்சம் இருக்கும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் கிடந்து வந்தால்தான் டாக்டர் கையில் கொடுப்போம். அப்புறமும் கையுறை நுனி மேசை ஓரத்தில் பட்டால் போச்சு. அங்கே அழுக்குதான் தாவும், சுத்தம் தாவாது. தேவனுடைய பரிசுத்தத்தையும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்துப் படி. குஷ்டரோகியைத் தொட்டால் தொட்டவனுக்கும் தீட்டு. ஒரு வார்த்தையிலேயே குணமாக்கக்கூடிய இயேசு, கையை நீட்டித் தொட்டார். தீட்டு அவர்மேல் ஏறவில்லை. அவருடைய சுத்தம் அவன்மேல் இறங்கியது. கரிகிரி குஷ்டரோக ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு அந்தத் தொடுதலின் அருமை தெரியும். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், ஊர் ஒதுக்கின கைகளைப் பிடித்துப் பார்த்து, தசைநாரை இடம் மாற்றித் தைத்துத்தான் மடங்கின விரல்களை நிமிர்த்தினார்.

ஏசாயா தீர்க்கதரிசியும் உன்னைப்போல "ஐயோ, அசுத்த உதடுகள்" என்றுதான் அலறினார். தேவன் அவரைத் துரத்தவில்லை. பலிபீடத்து நெருப்புத்தழல் அவர் வாயைத் தேடி வந்தது. தழல் சுடும், கண்ணா. அதையும் மறைக்க மாட்டேன்.

ஒருநாள் ராத்திரி என் கையுறை டிராலியில் உரசியது. யாரும் பார்க்கவில்லை. அவசரத்தில் சொல்லாமல் கருவியைக் கொடுத்துவிட்டேன். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. மறுநாள் போய்ச் சொல்லித் திட்டு வாங்கினேன். அதற்குப்பின் லேசாகப் பட்டாலும் "கிளவுஸ் மாத்தணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பரிசுத்தத்தில் வளர்வதும் எனக்கு அப்படித்தான் வந்தது: உரசினதை உரசினவுடன் அவரிடம் சொல்லிச் சொல்லி, உரசுவதே மெல்லக் குறைந்தது.

வருகிற முதல் ஞாயிறு நாங்கள் இங்கே முழங்கால்படியிடும்போது நீயும் அங்கே எழுந்து போ. முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடு. போய் வந்ததும் எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அம்மா